மூன்றாவது நடுவர்

ஜூன் 9, திங்கள்

காலையில் கேஸ் சிலிண்டர் வந்தது. மாடித் தொட்டியில் மிதவை உடைந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. புதிது வாங்கி நானே மாட்டினேன்.

மாலையில் ஓர் அம்மாள் வந்தார். பெயர் மெஹருன்னிசா. கண் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு கீழ்ப்பாக்கம். சின்னச் சின்னக் குதிரைகள் சேகரிக்கிறாராம். "பொம்மையா?" என்று கேட்டுவிட்டேன். "பொம்மைன்னு சொல்லாதீங்க சார். உங்க பொண்ணு இருந்தா சண்டைக்கு வந்திருப்பா. மாடல்" என்றார்.

கார்குழலி எனக்கும் என் மனைவி வத்சலாவுக்கும் ஒரே மகள். ரெசினில் வார்த்த குதிரைகளைத் தேய்த்து, வண்ணம் தீட்டி, வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்புவது அவள் தொழில். போன நவம்பரில் பாண்டிச்சேரியிலிருந்து திரும்பும்போது மழையில் ஸ்கூட்டர் சறுக்கி இறந்தாள். பின்சீட்டில் இருந்தாள். ஓட்டி வந்த தோழிக்குத் தோள் உடைந்தது.

டாக்டரம்மா வந்த விஷயம் இது. வருடத்துக்கு ஒருமுறை இவர்கள் கண்காட்சி நடத்துகிறார்கள். மாடல் குதிரைகளை மேசையில் நிறுத்தி, எது உண்மைக்குப் பக்கத்தில் நிற்கிறது, எதன் வேலை சுத்தம் என்று தீர்ப்புச் சொல்வார்கள். நடுவர் மூன்று பேர். இவர், பாண்டிச்சேரி ஓவியர் சவரிநாதன், மூன்றாவது குழலி.

"அந்த எடத்துக்கு நீங்க வரணும் சார். குதிரைப் போலீஸ்ல அத்தனை வருஷம் இருந்திருக்கீங்க. நிஜக் குதிரை தெரிஞ்ச ஆள் எங்ககிட்ட வேற யாரும் இல்ல."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வத்சலா உள்ளறையிலிருந்து வெளியே வரவில்லை. காபி நான்தான் போட்டேன். சர்க்கரை அதிகம்.

ஜூன் 11, புதன்

சம்மதம் என்று போன் செய்தேன். வத்சலாவுக்கு ஒரு மாறுதலாக இருக்கும்.

ஜூன் 15, ஞாயிறு

டாக்டரம்மா வீட்டுக்குப் போனேன். ஒரு அறை முழுக்க, தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி அலமாரி. எல்லாம் குதிரைகள். படுத்தது, துள்ளுவது, குட்டிக்குப் பால் கொடுப்பது. ஒவ்வொன்றும் பூனை உயரம்கூட இல்லை.

"இதுல எது நல்ல வேலைன்னு சொல்லுங்க பாப்போம்" என்றார்.

கறுப்பாக மின்னிய ஒரு குதிரையைக் காட்டினேன். எங்கள் பிரிவில் இருந்த மகுடம் என்ற ஆண் குதிரையைப் போலவே இருந்தது. அவர் டார்ச்சை எடுத்து அதன் வயிற்றுக்கு அடியில் அடித்தார். வார்ப்பு ஒட்டிய இடம் கோடாகத் தெரிந்தது. பின்தொடையில் பிரஷ்ஷின் முடி ஒன்று வண்ணத்தோடு சேர்ந்து காய்ந்து கிடந்தது.

"நீங்க உயிரோட இருக்கறதப் பாக்கறீங்க. நாங்க செஞ்சதப் பாக்கறோம். ரெண்டும் வேணும் சார்."

அடுத்துக் காட்டியதும் தப்பு. அதற்கடுத்ததும் தப்பு. அவர் சிரிக்கவில்லை. "குழலி மொத வருஷம் இதைவிட மோசம்" என்றார்.

பஸ்ஸில் வரும் வழியில் அயனாவரம் சிக்னலில் இறங்க வேண்டியவன் இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கினேன். வெயில் அதிகம் இல்லை. நடந்தே வந்தேன்.

ஜூன் 23, திங்கள்

சிறப்பு ஏதுமில்லை.

ஜூன் 28, சனி

குழலி ஒவ்வொரு குதிரையை விற்கும்போதும் ஒரு வீடியோ எடுப்பாள். சுழலும் தட்டில் குதிரை மெதுவாகத் திரும்பும். அவள் கை மட்டும் தெரியும். "இந்தப் பக்கம் கொஞ்சம் சாக்பீஸ் தூள் சேத்திருக்கேன், வெளிச்சத்துல பாத்தா தெரியும்" என்று குரல் வரும். வத்சலா மதியம் முழுக்க அவற்றைப் போட்டுப் பார்க்கிறாள். முடிந்தால் மறுபடி முதலிலிருந்து.

சத்தத்தைக் குறை என்றேன். குறைத்தாள். பிறகு நான் எழுந்து போய் அவள் அறைக் கதவோரம் நின்றேன். ஹால் மின்விசிறியின் ஸ்விட்ச் அங்கேதான் இருக்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

ஜெசிந்தா வந்தாள். ஸ்கூட்டர் ஓட்டிய பெண். ராயபுரம். கல்லூரியிலிருந்தே குழலிக்குத் தோழி. இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து வண்ணம் தீட்டியவர்கள். அவளும் குதிரைகள் செய்கிறவள்தான். சாவுக்குப் பிறகு முதல் முறையாக வருகிறாள். அன்றைக்கு அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

கதவைத் திறந்தவள் வத்சலா. "ஆன்ட்டி" என்றது கேட்டது. கதவு சாத்தப்பட்டதும் கேட்டது. வத்சலா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டாள். பாத்திரம் எதுவும் தேய்க்கக் கிடக்கவில்லை.

தயிர் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அந்தப் பெண் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள். பையை வலது தோளிலேயே மாட்டியிருந்தாள். இடது கை மார்புக்கு மேல் எழவில்லை.

"மன்னிச்சிடுங்க அங்கிள். வந்திருக்கக் கூடாது. நீங்க நடுவர்னு டாக்டர் சொன்னாங்க. நானும் ஒரு குதிரைக்குப் பேர் குடுத்திருக்கேன், அதான் சொல்லிட்டுப் போலாம்னு. உங்களுக்குச் சங்கடம்னா எடுத்துடறேன்."

"எதுக்கு எடுக்கணும்?"

"மெரினாவுல சவாரி விடற கிழட்டுக் குதிரை ஒண்ணு..."

"என்கிட்ட சொல்லாத. நடுவர்கிட்ட அதெல்லாம் சொல்லக் கூடாது."

சொல்லி முடித்துவிட்டிருந்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

"கொண்டு வாம்மா. பேர் குடுத்ததத் திரும்ப எடுக்காத" என்றேன்.

அவள்மேல் எனக்குக் கோபம் எதுவுமில்லை. எப்.ஐ.ஆர். படித்திருக்கிறேன். ரோட்டில் குழி, குழி நிறையத் தண்ணீர், வேகம் குறைவு. ஓட்டியவர் யாராயிருந்தாலும் விழுந்திருப்பார்கள். பஸ் வரும்வரை கூட நின்றேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தயிர் வாங்காதது தெரிந்தது. வத்சலா கேட்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

குதிரை லாயத்துக்குப் போய்வந்தேன். கால்களைக் கவனமாகப் பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்றுதான். பழைய ஆட்கள் யாருமில்லை; இருந்தாலும் உள்ளே விட்டார்கள். நிற்கும்போது எடையை எந்தக் காலில் போடுகிறது, ஓய்வெடுக்கும் காலின் பக்கம் இடுப்பு எவ்வளவு இறங்குகிறது, திரும்பும்போது எந்தக் கால் முன்னால் போகிறது எல்லாம் பார்த்தேன். முப்பது வருஷம் மேலே உட்கார்ந்திருந்தவனுக்குக் கீழே நடப்பது தெரிந்த அளவு குறைவுதான்.

ஒரு சிவப்புப் பெண் குதிரை என்னிடம் நன்றாகப் பழகியது. கடைசிக் கொட்டடியில் அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். "சார், உடம்பு சரியில்லையா?" என்று ஒரு காவலர் வந்து கேட்டார். இல்லை என்றேன். குதிரையின் கழுத்து ஈரமாக இருந்தது. குளிப்பாட்டியிருப்பார்கள் போல.

ஜூலை 20, ஞாயிறு

டாக்டரம்மா வீட்டில் மூன்றாம் முறை. சவரிநாதனும் வந்திருந்தார். கட்டையான மனிதர், விரலெல்லாம் நீலம். குழலி அன்று அவர் வீட்டிலிருந்துதான் கிளம்பினாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். உட்காரச் சொன்ன பிறகும் உட்காரவில்லை.

"மழை வர மாதிரி இருக்கு, இருந்துட்டுக் காலையில போங்கன்னு சொன்னேன் சார். சொன்னேன்" என்றார்.

"தெரியும்" என்றேன். எனக்குத் தெரியாது. அவர் அப்படிச் சொன்னார் என்பதே இன்றைக்குத்தான் தெரியும். ஆனால் அந்த மனிதரை வேறெப்படி உட்கார வைப்பது.

பிறகு மூவரும் அலமாரிக் குதிரைகளை எடுத்து வைத்துத் தீர்ப்புச் சொல்லிப் பார்த்தோம். பத்தில் ஏழு சரியாகச் சொன்னேன். தீர்ப்புக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்பது இவர்களின் விதி. அதை டாக்டரம்மா மைக்கில் எல்லோருக்கும் படிப்பாராம். தோற்றவர் அடுத்த முறை திருத்திக்கொள்ள வேண்டும் என்பதற்காக. "அந்த விதி குழலி கொண்டுவந்தது" என்றார் சவரிநாதன்.

ஆகஸ்ட் 2, சனி

வத்சலாவுக்கு இரத்தக் கொதிப்பு மாத்திரை மாற்றி எழுதிக் கொடுத்தார்கள். மின்கட்டணம் கட்டினேன். வெண்டைக்காய் முற்றல்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கண்காட்சி. எழும்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி ஹால்.

நான் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது வத்சலா புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். "நானும் வரேன்." கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் தவிர நவம்பரிலிருந்து அவள் வெளியே வந்ததில்லை. ஆட்டோ பிடித்தேன்.

நீள மேசைகளில் வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். குதிரைகள் வரிசையாக நின்றன. செய்தவர் பெயரோ கொண்டுவந்தவர் பெயரோ இல்லை. சீட்டில் எண் மட்டும். பெங்களூர், ஓசூர், சேலம் என்று பல ஊர்க்காரர்கள். ஒரு பேங்க் மேனேஜர், ஒரு பல் டாக்டர், கல்லூரிப் பிள்ளைகள். எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். ஏதோ ஆஸ்பத்திரி வார்டு போல இருந்தது.

உள்ளே நுழைந்ததுமே வத்சலா என்னை விட்டுவிட்டு நேராக நடந்தாள். மூன்றாவது மேசை. எனக்கும் தெரிந்துவிட்டது. சாம்பல் நிறம், உடம்பு முழுக்க வெள்ளைப் பொட்டுகள், முழு வேகத்தில் இடப்பக்கம் சாய்ந்து திரும்பும் குதிரை. வீடியோவில் எத்தனை முறை சுழன்றிருக்கும். நடுவராக இருந்ததால் குழலி தன் குதிரைகளை இங்கே ஒருநாளும் வைத்ததில்லை. வாங்கின ஓசூர்க்காரர் இந்த வருஷம் கொண்டுவந்திருக்கிறார்.

வத்சலா மேசைக்கு முன்னால் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் கைகளைக் கட்டிக்கொண்டு அதன் முன்னால் நின்றாள். மத்தியானம் வரை அங்கேயே நின்றாள். யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள்.

எனக்குச் சேணப் பிரிவுதான் கொடுத்திருந்தார்கள். அதில் குழலியின் குதிரை இல்லை. கடிவாளம் தளர்ந்தது, வார் தப்பான இடத்தில் போனது, இவற்றைச் சொல்வதில் சிரமமில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாப் பிரிவிலும் முதலாக வந்தவற்றை ஒரே மேசைக்குக் கொண்டுவந்தார்கள். அவற்றிலிருந்து அன்றைய முதல் குதிரை. அதற்கு மூவரும் சேர்ந்து உட்கார வேண்டும். ஒவ்வொன்றாகக் கழித்துக் கடைசியில் இரண்டு நின்றன.

ஒன்று குழலியுடையது. மற்றது ஒரு கிழட்டு வெள்ளைக் குதிரை. விலா எண்ணிவிடலாம். கடிவாளக் கயிறு தொங்க, தலையைத் தாழ்த்தி, ஒரு பின்காலை நுனியில் ஊன்றி நின்றபடி தூங்குகிறது. குளம்பெல்லாம் கடல் மணல்.

சவரிநாதன் சொன்னார்: "இந்தப் பெயின்ட்டுக்கு முன்னால இந்த ஹால்ல எதுவுமே நிக்காது. அவ செஞ்சதுங்கறதுக்காகச் சொல்லல. என் ஓட்டு சாம்பலுக்கு."

டாக்டரம்மா தயங்கினார். "பெயின்ட்ல எனக்கும் சந்தேகம் இல்ல. ஆனா அந்தக் கிழத்தப் பாருங்க. அது தூங்குது. பக்கத்துல போறப்போ எழுப்பிடக் கூடாதேன்னு மெதுவா நடந்தேன். என் ஓட்டு அதுக்கு."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். டாக்டரம்மா குரலைத் தாழ்த்தினார். "சார், நீங்க விலகிக்கலாம். விதியும் அதான். யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. நாங்க பூவா தலையா போட்டுக்கறோம்."

"அவ வேலைக்குப் பூவா தலையாவா?" என்றேன். சற்று உரக்கச் சொல்லிவிட்டேன் போல. சிலர் திரும்பினார்கள்.

டார்ச்சை வாங்கிக்கொண்டு மேசை உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்தேன். முழங்கால் வலித்தது. முதலில் கிழட்டுக் குதிரை. ஓய்வெடுக்கும் காலின் பக்கம் இடுப்பு இறங்கியிருந்தது, எவ்வளவு இறங்க வேண்டுமோ அவ்வளவு. பிறகு குழலியின் குதிரை. கழுத்தில் நரம்பு. மூக்கின் உள்பக்கச் சிவப்பு. வயிற்றுக்கு அடியில் கோடு இல்லை, முடி இல்லை. இவ்வளவு பக்கத்தில் அவள் குதிரை எதையும் நான் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

பிறகு கால்களைப் பார்த்தேன்.

இடப்பக்கம் சாய்ந்து ஓடித் திரும்பும் குதிரை இடது முன்காலைத்தான் முன்னால் வீசும். அதுதான் அதைத் தாங்கும். இது வலது காலை வீசியிருந்தது. இந்த வேகத்தில், இந்தச் சாய்வில், அப்படி ஓடினால் அடுத்த அடியில் விழும்.

நிமிர்ந்து மற்ற இருவரையும் பார்த்தேன். அவர்கள் கவனிக்கவில்லை. நான் சொல்லாவிட்டால் இனி யாரும் கவனிக்கப்போவதும் இல்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் வத்சலா நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருந்தாள்.

கிழட்டுக் குதிரைக்குத்தான் என்றேன். காரணம் கேட்டார்கள். சொன்னேன். சவரிநாதன் குனிந்து பார்த்துவிட்டு, "ஆமா" என்றார்.

டாக்டரம்மா மைக்கில் படித்தார். இரண்டாம் இடம், சாம்பல் குதிரை, வண்ண வேலையில் இணையில்லாதது, கால் மாறி விழுந்திருக்கிறது. முதலிடத்தின் எண்ணைச் சொன்னார். யாரும் முன்னால் வரவில்லை. மறுபடி சொன்னார். ஜெசிந்தா கடைசிச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். அவளைச் சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினாள். கடைசியில் டாக்டரம்மா பரிசு ரிப்பனை எடுத்துக்கொண்டு அவளிடம் போனார்.

நான் திரும்பியபோது வத்சலாவின் நாற்காலி காலியாக இருந்தது. கீழே மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். "போலாமா?" என்றேன். எழுந்து வந்தாள். ஆட்டோவில் அவள் அந்த ஓரம், நான் இந்த ஓரம்.

ஆகஸ்ட் 11, திங்கள்

வத்சலா பேசவில்லை. இட்லி.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நேற்றுப் போலவே.

டாக்டரம்மா போன் செய்தார். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

மாவுக்கு உளுந்து கழுவிக்கொண்டிருந்தவள், திரும்பாமலே பேசினாள்.

"கால் மாறி இருக்குன்னு மைக்ல சொன்னாங்களே, அது அவளுக்குத் தெரியும்."

"யாருக்கு?"

"குழலிக்கு. பார்சல் அனுப்பினப்பறம் வீடியோவப் பாத்துட்டுத் தலையில அடிச்சுக்கிட்டா. 'அம்மா, அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாத. குதிரைப் போலீஸ் பொண்ணுக்குக் கால் தெரியலன்னு சிரிப்பாரு'ன்னா. நானும் சொல்லல."

நான் கிரைண்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"அத்தன பேருக்கு முன்னால சொல்லிட்டீங்க."

"வத்சலா, காரணம் சொல்லணும்னு அங்க..."

"நீங்க பண்ணது தப்புன்னு நான் சொல்லல." இப்போது திரும்பினாள். கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "சரிதான். எல்லாரும் சரின்னுதான் சொல்லுவாங்க. ஆனா குடுத்திருக்கலாம். இனிமே அவ எதையும் செய்யப் போறதில்ல, திருத்திக்கவும் போறதில்ல. யாருக்கு என்ன கொறஞ்சுடப் போவுது? குடுத்திருக்கலாம்ங்க."

பதிலாக என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அந்த நாற்காலியில் குழலி உட்கார்ந்திருந்தால் யாருக்குக் கொடுத்திருப்பாள் என்பது. அது வத்சலாவுக்கும் தெரியும். தெரிந்தவளிடம் எதற்குச் சொல்ல வேண்டும். உளுந்தை வாங்கிக் கிரைண்டரில் போட்டேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

எதிர்வீட்டில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். வத்சலா ஒன்று எடுத்துக்கொண்டாள்.

சவரிநாதனிடமிருந்து செய்தி: அந்தக் கால் தன் கண்ணுக்குப் படாததற்கு வருத்தமாம். தான் பார்த்திருந்தால் நான் பார்க்க வேண்டியிருந்திருக்காதாம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வத்சலா வந்து என் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அந்தப் பொண்ணு நம்பர் உங்ககிட்ட இருக்குல்ல?"

இருந்தது. போட்டுக் கொடுத்தேன். காதில் வைத்துக்கொள்ளாமல் ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்தாள்.

"ஜெசிந்தா, குழலி அம்மா பேசறேன்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "ஆன்ட்டி."

"திட்டறதுக்குக் கூப்பிடலம்மா. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியாம இத்தன நாள் வெச்சிருந்தேன். அன்னிக்கி வண்டியில வரப்போ அவ கடைசியா என்ன பேசிக்கிட்டு வந்தா?"

அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள். வத்சலா காத்திருந்தாள். போன் திரை அணைந்தது. விரலால் தொட்டு எழுப்பினாள்.

"பெருசா ஒண்ணும் இல்ல ஆன்ட்டி. மரக்காணம் தாண்டினதும் மழை பிடிச்சிடுச்சு. பின்னாடி உக்காந்து பாடிக்கிட்டே வந்தா. வரியெல்லாம் தப்பு."

"எப்பவும் தப்பாத்தான் பாடுவா."

"ஆமா. அப்புறம் குளுருதுன்னா. விரலெல்லாம் மரத்துப்போச்சு, நாளைக்கி பிரஷ் பிடிக்கணும்டின்னு சொல்லி, ரெண்டு கையையும் என் ஜெர்கின் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டா. எனக்குக் கூச்சமா இருந்துச்சு, சிரிச்சேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், 'இப்பதான் சூடாவுது'ன்னா. அவ்வளவுதான் ஆன்ட்டி. அதுக்கப்புறம் எனக்கு எதுவும் ஞாபகம் இல்ல."

"சூடாவுதுன்னாளா?"

"ஆமா ஆன்ட்டி."

"பயந்துடலையே?"

"இல்ல ஆன்ட்டி. என் முதுகுல தலைய வெச்சுக்கிட்டிருந்தா."

வத்சலா தன் இரண்டு கைகளையும் மடியில் ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். போனை யாரும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் கேட்டது. தூரத்தில் ஏதோ வண்டி ஹாரன்.

நாற்காலியிலிருந்து இறங்கி வத்சலாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். நவம்பருக்குப் பிறகு இன்றுதான் நான் அழுதேன் என்று எழுத நினைத்தேன். அது உண்மையில்லை. லாயத்தில் அழுதேன். பஸ் இறங்கி நடந்த வழியெல்லாம் அழுதேன். இன்று வத்சலா பார்க்க அழுதேன்.